பெரிய சி++ நிரல்தொகுதியில் ஆப்ஜெக்ட் அழிப்பும் நினைவக ஒதுக்கீடும்: முழுமையான வழிகாட்டி

கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திட்டம், 2015 முதல் தன்னிடம் பதிவான தீவிரமான பாதுகாப்புப் பிழைகள் 912-ஐ ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 70% நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் நேர்ந்தவை. அவற்றிலும் பாதி, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, அழித்து முடித்த ஆப்ஜெக்ட்டை இன்னும் இருப்பதாகக் கருதி நிரல் தொட்டதால் வந்தவை. குரோமியத்தில் எழுதுபவர்கள் சி++ தெரியாதவர்கள் அல்லர். ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கியவர் ஒருவர், அதன் பாயின்டரை (நினைவக முகவரியை) வாங்கிச் சேமித்து வைத்தவர் இன்னொருவர், சில ஆண்டுகள் கழித்து அந்த ஆப்ஜெக்ட் முன்கூட்டியே அழியும்படி நிரலை மாற்றியவர் மூன்றாமவர் என்று வேலை பிரிந்து கிடக்கும்போது, மூவரும் தத்தம் அளவில் சரியாகவே எழுதியிருந்தாலும் பிழை பிறந்துவிடுகிறது.

ஆகவே, கவனமாக எழுதுங்கள் என்று குழுவினரிடம் சொல்வதால் இது தீராது. ஓர் ஆப்ஜெக்ட்டை யார் அழிக்கிறார், எப்போது அழிக்கிறார், எந்த த்ரெட்டில் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் இழைகளில் எதில்) அழிக்கிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை, எழுதியவரின் நினைவில் இல்லாமல் நிரலிலேயே, அதுவும் இயன்றவரை டைப்பிலேயே, பதிவாகியிருக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த நிலையை நோக்கியவை. சி++17 அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலர் உங்களிடம் இருக்கிறது என்று கொள்கிறேன்.

படி 1: யாருக்கு எது உரிமை என்று வரையுங்கள்

ஒரு வரியையும் மாற்றுவதற்கு முன் வரைபடம் வேண்டும். நீண்ட காலம் உயிரோடு இருக்கும் கிளாஸ்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: சர்வர், இணைப்பு, செஷன், கேஷ், டேட்டாபேஸ் பூல் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் அதை உயிரோடு வைத்திருப்பவர் யார் என்று ஓர் அம்புக்குறியும், அதைப் பயன்படுத்த மட்டும் செய்பவர் யார் என்று வேறு வண்ணத்தில் ஓர் அம்புக்குறியும் போடுங்கள். உரிமை அம்புகள் மட்டும் சேர்ந்து ஒரு மரமாக அமைந்தால் உங்கள் வேலை பெரும்பாலும் எளிது. அவை எங்கே வட்டமிடுகின்றனவோ, எங்கே ஓர் ஆப்ஜெக்ட்டுக்கு இரண்டு உரிமையாளர்கள் வருகிறார்களோ, அங்கேதான் பின்னாளில் நள்ளிரவு அழைப்புகள் வரும்.

வரைபடத்துக்கு விவரம் சேர்க்க எளிய வழி, நிரல்தொகுதி முழுவதும் டிலீட் என்னும் சொல்லைத் தேடுவது. டிஸ்ட்ரக்டருக்கு (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷனுக்கு) வெளியே இருக்கும் ஒவ்வொரு டிலீட்டும் தனியாக விசாரிக்கத் தக்கது.

படி 2: உரிமையை டைப்பில் எழுதுங்கள்

விதி சிறியது. ஆப்ஜெக்ட்டுக்கு ஒரே உரிமையாளர் என்றால், தான் அழியும்போது அதையும் அழித்துவிடும் யூனிக் பாயின்டர். பாயின்டரோ ரெஃபரன்ஸோ வெறுமனே வந்தால் அது இரவல் மட்டும், அதை ஒருபோதும் டிலீட் செய்யக் கூடாது. உண்மையிலேயே பலர் சேர்ந்து வைத்திருக்கிறார்கள், அவர்களில் யார் கடைசியாக விடுவார் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்றால் மட்டும், வைத்திருப்போரை எண்ணிக் கடைசியானவர் விட்டதும் அழிக்கும் ஷேர்டு பாயின்டர். யூனிக் பாயின்டர் வழக்கமான வடிவில் சாதாரண பாயின்டரின் அளவே இருக்கும், கூடுதல் செலவு அநேகமாக இல்லை. ஷேர்டு பாயின்டரோ இரண்டு பாயின்டர் அளவு கொண்டது. எண்ணிக்கையை வைத்திருக்கத் தனியே ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதியும் வேண்டும். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் அந்த எண்ணிக்கையை த்ரெட்டுகளுக்கிடையே பாதுகாப்பாகக் கூட்டிக் கழிக்கும் செலவும் உண்டு. செலவைவிடப் பெரிய குறை, அழிவு எப்போது நிகழும் என்பதை அது மறைத்துவிடுவது. யோசிக்காமல் எங்கும் ஷேர்டு பாயின்டர் போட்ட நிரல்தொகுதியில் "எப்போது" என்னும் கேள்விக்கு யாரிடமும் விடை இருக்காது.

ஃபங்ஷனின் முகப்பே ஒப்பந்தமாக இருக்கட்டும். யூனிக் பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன், இனி இது உன்னுடையது என்கிறது. யூனிக் பாயின்டரை மதிப்பாக வாங்கும் ஃபங்ஷன், இனி இது என்னுடையது என்கிறது. ரெஃபரன்ஸை வாங்குவது, வேலை முடியும்வரை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்கிறது. கோப்பு, சாக்கெட், சி மொழி நூலகம் தரும் கைப்பிடி ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். அந்தந்த நூலகத்தின் மூடும் ஃபங்ஷனையே டிலீட்டராக, அதாவது அழிக்கும் ஃபங்ஷனாக, கொடுத்து யூனிக் பாயின்டரில் பொதிந்துவிடுங்கள். ஒரு டி.எல்.எல்.லில் (தனிக் கோப்பாக ஏற்றப்படும் விண்டோஸ் நூலகத்தில்) ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்றில் விடுவிப்பது விண்டோஸில் ஹீப்பையே (ஓடும்போது நினைவகம் ஒதுக்கப்படும் பகுதியையே) சிதைக்கக் கூடும் என்பதால், அந்த எல்லையைக் கடக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு அதை உருவாக்கிய பக்கமே டிலீட்டரையும் தர வேண்டும்.

பழைய நிரலை மாற்றும்போது சத்தமில்லாமல் நுழையும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் வர்ச்சுவலாக (ஆப்ஜெக்ட்டின் உண்மையான டைப்பைப் பார்த்து ஓடுவதாக) இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வந்த டிரைவ்டு கிளாஸின் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய கணத்திலேயே ஷேர்டு பாயின்டரில் வைத்தால், எந்த டைப்பாக உருவானது என்பதை அதன் கட்டுப்பாட்டுத் தொகுதி நினைவில் வைத்திருக்கும். பின்னர் பேஸ் டைப்பின் ஷேர்டு பாயின்டராக மாற்றினாலும் சரியான டிஸ்ட்ரக்டரே ஓடும். அதே இடத்தில் ஷேர்டு பாயின்டர் தேவையில்லை என்று கண்டு, நல்ல நோக்கத்தோடு அதை யூனிக் பாயின்டராக்கினால், பேஸ் பாயின்டர் வழியாக டிலீட் நடக்கும். மொழியின் வரையறைப்படி அதன் விளைவு வரையறுக்கப்படாதது. கம்பைல் ஆகிவிடும், பல சோதனைகளும் தேறிவிடும். வர்ச்சுவல் ஃபங்ஷன் இருந்தும் டிஸ்ட்ரக்டர் வர்ச்சுவலாக இல்லாத கிளாஸ்களைச் சுட்டும் கம்பைலர் எச்சரிக்கையை இயக்கி, அதைப் பிழையாக நடத்தச் சொல்லிவிட்டு, அதன் பிறகே இந்த மாற்றங்களைத் தொடங்குங்கள்.

படி 3: அழியும் வரிசையை வடிவமையுங்கள்

உருவாக்கும் வரிசையைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். அழியும் வரிசையோ பெரும்பாலும் தானாக அமைவதாகவே விடப்படுகிறது. சி++ இதில் தெளிவாக இருக்கிறது: ஒரு கிளாஸின் உறுப்புகள் அறிவிக்கப்பட்ட வரிசைக்கு நேரெதிராக அழியும். ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு லாக் எழுதும் கிளாஸ். அதில் முதல் உறுப்பு, பின்னணியில் ஓடும் த்ரெட். சி++20-இன் ஜே-த்ரெட் என்று கொள்ளுங்கள், அதாவது தன் டிஸ்ட்ரக்டரில் த்ரெட் முடியும்வரை தானே காத்திருப்பது. அதற்குக் கீழே செய்திகளின் வரிசை, அதற்குக் கீழே ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விட்டு அந்த வரிசையைக் காக்கும் பூட்டான மியூடெக்ஸ். ஆப்ஜெக்ட் அழியும்போது முதலில் மியூடெக்ஸ் போகிறது, அடுத்து வரிசை போகிறது, கடைசியில்தான் த்ரெட்டை நிறுத்தச் சொல்கிறோம். இடைப்பட்ட நேரத்தில் த்ரெட், இல்லாத மியூடெக்ஸைப் பூட்டி, இல்லாத வரிசையிலிருந்து செய்தி எடுக்கிறது. த்ரெட்டை அறிவிக்கும் வரியை கிளாஸின் கடைசி வரியாக நகர்த்தினால் பிழை தீர்ந்தது. அப்படி நகர்த்தியபின், இது ஏன் கடைசியில் இருக்கிறது என்று அதன் மேலே ஒரு கமென்ட் எழுதுங்கள். இல்லாவிட்டால் அழகுக்காக வரிசை மாற்றும் அடுத்தவர் அதை மீண்டும் மேலே ஏற்றிவிடுவார்.

குளோபல், ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்டுகளில் இது இன்னும் கடினம். வெவ்வேறு கோப்புகளில் உள்ள குளோபல்கள் எந்த வரிசையில் உருவாகும் என்று மொழி உறுதி தருவதில்லை. ஆகவே எந்த வரிசையில் அழியும் என்றும் உறுதி இல்லை. கூகுளின் சி++ எழுத்துமுறை வழிகாட்டி இதனாலேயே, டிஸ்ட்ரக்டர் உண்மையில் ஏதாவது வேலை செய்யும் டைப்களை ஸ்டாட்டிக் வாழ்நாளோடு வைப்பதைத் தடை செய்கிறது. தவிர்க்கவே முடியாத இடத்தில் ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் ரெஃபரன்ஸாக ஒன்றை நியூ மூலம் உருவாக்கி, அழிக்காமலே விட்டுவிடலாம். செயல்முறை முடியும்போது அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் என்பதால் இதை நான் கசிவாகக் கருதுவதில்லை.

டிஸ்ட்ரக்டருக்குள் என்ன செய்யலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். சி++11 முதல் டிஸ்ட்ரக்டர்கள் வேறுவிதமாகச் சொல்லாத வரையில் எக்ஸெப்ஷன் எறியாதவையாகவே கருதப்படுகின்றன. எறிந்தால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தோல்வி அடையக்கூடிய வேலைகளை, எடுத்துக்காட்டாக டேட்டாவை வட்டில் எழுதி முடிப்பதை, குளோஸ் போன்ற தனி ஃபங்ஷனில் வைத்து அதன் முடிவை அழைப்பவர் பார்க்கும்படி செய்யுங்கள். டிஸ்ட்ரக்டர், மறந்துவிட்டவர்களுக்கான கடைசிப் பாதுகாப்பாக மட்டும் இருக்கட்டும்.

படி 4: கால்பேக்குகளும் த்ரெட்டுகளும்

பெரிய நிரல்தொகுதிகளில் நான் மிக அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். ஒரு செஷன் ஆப்ஜெக்ட், 30 நொடிகளில் காலாவதியாகும் டைமர் ஒன்றை வைத்து, அதற்கு ஒரு லாம்டாவை (நேரம் வந்ததும் அழைக்க வேண்டிய பெயரற்ற ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை) கொடுக்கிறது. லாம்டா திஸ் பாயின்டரை, அதாவது அந்த செஷனின் பாயின்டரை, பிடித்து வைத்திருக்கிறது. பயனர் 10-ஆவது நொடியில் இணைப்பைத் துண்டிக்கிறார், செஷன் அழிகிறது, 30-ஆவது நொடியில் டைமர் அழிந்த செஷனை அழைக்கிறது. இதைத் திருத்த வருபவர் செய்யும் முதல் வேலை, லாம்டாவில் திஸ் இருந்த இடத்தில் செஷனின் ஷேர்டு பாயின்டரை வைப்பது. இப்போது செஷன் டைமரை வைத்திருக்கிறது, டைமர் லாம்டாவை வைத்திருக்கிறது, லாம்டா செஷனை வைத்திருக்கிறது. திரும்பத் திரும்பத் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் டைமர் என்றால் இந்த வட்டம் ஒருபோதும் உடையாது. கிராஷ் ஒன்று கசிவாக மாறியதே தவிரப் பிழை தீரவில்லை.

சரியான தீர்வு வீக் பாயின்டர், அதாவது ஆப்ஜெக்ட்டை உயிரோடு வைக்காமல் சுட்ட மட்டும் செய்வது. லாம்டா அதைப் பிடித்துக்கொண்டு, ஓடும் நேரத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும், அதாவது அதிலிருந்து ஒரு ஷேர்டு பாயின்டரைக் கேட்க வேண்டும். ஆப்ஜெக்ட் இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிவிடலாம். அதோடு, செஷனின் டிஸ்ட்ரக்டர் டைமரை ரத்து செய்யவும் வேண்டும், ஏனெனில் பயனற்ற லாம்டாக்கள் ஈவென்ட் லூப்பில் (நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து கால்பேக்குகளை அழைக்கும் சுழற்சியில்) தேங்கிக் கிடப்பதும் நினைவகச் செலவே. கோட் ரிவ்யூவில் ஒரு விதியைக் கட்டாயமாக்குங்கள்: உடனே ஓடி முடியாத எந்த லாம்டாவும் திஸ் பாயின்டரை வெறுமனே பிடிக்கக் கூடாது, பிடித்தே தீர வேண்டுமானால் அது ஏன் பாதுகாப்பானது என்று பக்கத்தில் எழுத வேண்டும். குரோமியத்தில் கால்பேக் கட்டும்போது வெறும் பாயின்டரைக் கொடுக்க விரும்பினால் அன்ரீடெய்ன்டு என்று வெளிப்படையாகப் பொதிந்து கொடுக்க வேண்டும். ரிவ்யூ செய்பவரின் கண் அந்தச் சொல்லில் நின்றுவிடும்.

இனி மூன்றாவது கேள்வி, எந்த த்ரெட்டில் என்பது. வீக் பாயின்டரைப் பூட்டிக் கிடைத்த ஷேர்டு பாயின்டரோடு ஒரு வொர்க்கர் த்ரெட் வேலை செய்துகொண்டிருக்கும்போது, மெயின் த்ரெட் தன் பிரதியை விட்டுவிட்டால், கடைசிப் பிரதி வொர்க்கரிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் டிஸ்ட்ரக்டர் வொர்க்கர் த்ரெட்டிலேயே ஓடும். அந்த டிஸ்ட்ரக்டர் தன் உறுப்பான அதே வொர்க்கர் த்ரெட் முடிவதற்காகக் காத்திருக்க முயன்றால், ஒரு த்ரெட் தனக்காகத் தானே காத்திருக்கும் நிலை உண்டாகிறது; நூலகம் அதைக் கண்டுபிடித்து எக்ஸெப்ஷன் எறிய, டிஸ்ட்ரக்டரிலிருந்து அது வெளியேற முடியாமல் நிரல் நின்றுவிடும். ஆகவே குறிப்பிட்ட த்ரெட்டில்தான் அழிய வேண்டிய ஆப்ஜெக்ட்டுக்கு, அழிக்கும் வேலையை அந்த த்ரெட்டின் வரிசைக்கு அனுப்பும் டிலீட்டரைக் கொடுங்கள். க்யூட்டி என்னும் நிரல் நூலகத்தில் டிலீட்-லேட்டர், குரோமியத்தில் டிலீட்-சூன் ஆகியவை இருப்பது இதற்காகவே. டீபக் பில்டுகளில் டிஸ்ட்ரக்டரின் முதல் வரியிலேயே த்ரெட் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனையை வைத்துவிட்டால், தவறு நடந்த நாளிலேயே தெரிந்துவிடும்.

உரிமை மரமாக அமையவே முடியாத இடங்களும் உண்டு. வலைப்பக்கத்தின் கூறுகளும் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டுகளும் ஒன்றையொன்று எத்திசையிலும் சுட்டுவது இயல்பு. குரோமியத்தின் பிளிங்க் எஞ்சின் அதற்காக ஆயில்பேன் என்னும் கார்பேஜ் கலெக்டரையே (பயன்பாட்டில் இல்லாத ஆப்ஜெக்ட்டுகளைத் தானே கண்டு அழிப்பதையே) சி++ல் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் தொகுதியின் ஒரு பகுதி உண்மையிலேயே அப்படிப்பட்டது என்றால், ஷேர்டு, வீக் பாயின்டர்களை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதைவிட அது நேர்மையான தீர்வு.

படி 5: ஆழமான சங்கிலிகள்

யூனிக் பாயின்டரால் கட்டிய இணைப்புப் பட்டியலில் 10 லட்சம் கணுக்கள் இருந்தால், முதல் கணுவின் டிஸ்ட்ரக்டர் இரண்டாவதை அழைக்கும், அது மூன்றாவதை அழைக்கும். லினக்ஸில் மெயின் த்ரெட்டின் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) வழக்கமாக 8 எம்.பி.தான், அது நிரம்பி நிரல் விழும். சோதனை டேட்டா சிறியதாக இருப்பதால் இது பெரும்பாலும் உற்பத்திச் சூழலில்தான் வெளிப்படுகிறது. டிஸ்ட்ரக்டரில் ஒரு லூப் வைத்து, அடுத்த கணுவை மூவ் செய்து வெளியே எடுத்துவிட்டு இப்போதைய கணுவை அழித்துக்கொண்டே போனால் போதும். மரங்களுக்கும் இதே முறையில் ஒரு தற்காலிக வெக்டர் உதவும்.

படி 6: ஒதுக்கீட்டை அளந்து குறையுங்கள்

அளக்காமல் அலோகேட்டரை (நினைவகம் ஒதுக்கித் தரும் நூலகத்தை) மாற்றாதீர்கள். ஹீப்டிராக், வால்கிரைண்டின் மாசிஃப், ஜெமாலாக்கில் உள்ளிணைந்த புரொஃபைலர் ஆகியவற்றில் ஒன்றை உண்மையான சுமையோடு ஓட்டி, எந்த அழைப்புப் பாதை அதிக முறை ஒதுக்குகிறது, எந்தப் பாதை அதிக பைட் வைத்திருக்கிறது என்று தனித்தனியே பாருங்கள். இவை பெரும்பாலும் வேறு வேறு இடங்களாக இருக்கும். முதல் வகைக்கு மருந்து எளிது: அளவு தெரிந்த வெக்டருக்கு முன்கூட்டியே ரிசர்வ், தேவையற்ற ஸ்ட்ரிங் நகல்களை நீக்கிவிட்டு ஸ்ட்ரிங்-வியூ. ஜி.சி.சி. நூலகத்தில் 15 எழுத்துவரையிலான ஸ்ட்ரிங் ஹீப்பைத் தொடுவதே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒன்றாகப் பிறந்து ஒன்றாக மடியும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு அரீனா மிகச் சிறந்தது. ஒரு பெரிய தொகுதியை வாங்கி, அதில் ஒரு குறியை முன்னே நகர்த்திக்கொண்டே இடம் கொடுத்து, வேலை முடிந்ததும் மொத்தத்தையும் ஒரே அடியாக விடுவிப்பது அது. சி++17-இன் மோனோடோனிக் பஃபர் ரிசோர்ஸ் இதைத்தான் செய்கிறது. ஆனால் அரீனா நினைவகத்தை மட்டுமே திருப்பித் தருகிறது, டிஸ்ட்ரக்டர்களை அழைப்பதில்லை. கிளாங் கம்பைலர் தன் இலக்கண மரத்தின் கணுக்களை இப்படித்தான் வைக்கிறது; அங்கே ஒரு கணுவுக்குள் சாதாரண வெக்டரை வைத்தால் அதன் ஹீப் நினைவகம் அப்படியே கசியும். எனவே அரீனாவில் வைக்கும் டைப்களின் டிஸ்ட்ரக்டர் அற்பமானதா (வேலை எதுவும் செய்யாததா) என்று கம்பைல் நேரத்திலேயே ஸ்டாட்டிக் அசெர்ட் கொண்டு சோதியுங்கள்.

எல்லாவற்றையும் சரியாக விடுவித்தும் செயல்முறையின் நினைவகம் இறங்கவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, மேக்-ஷேர்டு மூலம் உருவான ஆப்ஜெக்ட்டும் கட்டுப்பாட்டுத் தொகுதியும் ஒரே ஒதுக்கீட்டில் இருப்பதால், டிஸ்ட்ரக்டர் ஓடிய பிறகும் ஒரே ஒரு வீக் பாயின்டர் எஞ்சியிருந்தால் முழு இடமும் பிடிபட்டே இருக்கும். பெரிய ஆப்ஜெக்ட்டுகளைக் கேஷில் வீக் பாயின்டராக வைப்பவர்களுக்கு இது முக்கியம். இரண்டு, லினக்ஸின் சி நூலகமான ஜி-லிப்-சியின் மாலாக் என்னும் அலோகேட்டர், த்ரெட்டுகள் மோதாமல் இருக்கப் பல அரீனாக்களை (மேலே சொன்ன அரீனா அல்ல, தனித்தனி ஹீப் பகுதிகளை) வைத்துக்கொள்கிறது. 64-பிட் லினக்ஸில் இதன் வரம்பு கோர் எண்ணிக்கையின் 8 மடங்கு, அதாவது 32 கோர் கொண்ட சர்வரில் 256. ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாக எஞ்சும் இடம் சேர்ந்து பெரிதாகிறது. மாலாக்-அரீனா-மேக்ஸ் என்னும் சூழல் மாறியில் சிறிய எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இறங்கினால் அது கசிவு அல்ல, துண்டாடல். அப்போது ஜெமாலாக், டிசிமாலாக், மிமாலாக் ஆகியவற்றை உங்கள் சுமையில் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

படி 7: கருவிகளை ஒவ்வொரு பில்டிலும் ஓட்டுங்கள்

நினைவகப் பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் அட்ரெஸ் சானிடைசர் நிரலைச் சுமார் இரு மடங்கு மெதுவாக்கும். ஆனால் விடுவித்த இடத்தை உடனே மறுபயன்பாட்டுக்கு விடாமல் தனிமைப்படுத்தி வைத்து, அதை யாராவது தொட்ட கணத்தில் ஒதுக்கியவர், விடுவித்தவர், தொட்டவர் மூவரின் அழைப்புப் பாதையையும் அச்சிடும். எல்லா யூனிட் டெஸ்டுகளும் இதனோடு ஓட வேண்டும். வால்கிரைண்ட் பல மடங்கு மெதுவானது. மறுகம்பைல் செய்ய முடியாத நூலகங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே எழுதிய மெமரி பூலுக்குள் நடப்பது சானிடைசருக்குத் தெரியாது. பூலில் திரும்பிய இடத்தை நஞ்சிட்டுக் குறிக்கும் மேக்ரோக்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

லீக் சானிடைசர், குளோபல்களிலிருந்தோ ஸ்டாக்கிலிருந்தோ சென்றடைய முடியாத நினைவகத்தை மட்டுமே கசிவு என்கிறது. படி 4-இல் பார்த்த செஷன் வட்டம், ஓடிக்கொண்டிருக்கும் ஈவென்ட் லூப்போடு இணைந்திருந்தால், அதன் கணக்கில் கசிவே அல்ல. நீண்ட காலம் ஓடும் சர்வர்களில் உண்மையான தொல்லை இந்த வகைதான். முக்கியமான ஒவ்வொரு கிளாஸுக்கும் உயிரோடு உள்ள ஆப்ஜெக்ட்டுகளின் எண்ணிக்கையை வைத்து, கண்காணிப்புத் திரையில் காட்டுங்கள். திறந்திருக்கும் இணைப்புகள் 200-ஆக இருக்கும்போது செஷன் ஆப்ஜெக்ட்டுகள் 9,000 என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 8: பழைய நிரலை மாற்றும் வரிசை

ஒரே மூச்சில் அனைத்தையும் மாற்ற முயல வேண்டாம். முதலில் புதிய நிரலில் வெறும் நியூவையும் டிலீட்டையும் கிளாங்-டைடி என்னும் நிரல் சோதிப்புக் கருவி கொண்டு தடுத்துவிடுங்கள்; பழைய மீறல்களின் எண்ணிக்கை குறையலாம், கூடக் கூடாது என்று சி.ஐ.யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) பூட்டுங்கள். அடுத்து, உரிமையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களை யூனிக் பாயின்டருக்கு மாற்றுங்கள். இதைச் செய்ததும் அழைப்பவர்கள் அனைவரையும் கம்பைலரே பட்டியலிட்டுத் தந்துவிடும். பிறகு கிளாஸ் உறுப்புகள். ஷேர்டு பாயின்டர்களைக் குறைப்பது கடைசி வேலை, ஏனெனில் அதற்கு ஆப்ஜெக்ட்டின் வாழ்நாளைப் பற்றிய முழுப் புரிதல் வேண்டும்.

இரவல் பாயின்டர்கள் அப்போதும் ஆயிரக்கணக்கில் எஞ்சும். குரோமியம் இதை மிராக்கிள் பாயின்டர் என்னும் வழியில் எதிர்கொண்டது. கிளாஸ் உறுப்புகளாக இருந்த 15,000-க்கும் மேற்பட்ட வெறும் பாயின்டர்களைத் தன் சொந்தப் பாயின்டர் டைப்புக்கு மாற்றி, 2022-இல் குரோம் 102-இல் விண்டோஸ், ஆண்ட்ராய்டு பயனர்களிடம் சேர்த்தது. ஒவ்வொரு ஒதுக்கீட்டோடும் மறைவாக ஓர் எண்ணிக்கை இருக்கும். யாரோ இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும்போது ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்டால், அந்த இடம் மறுபயன்பாட்டுக்குப் போகாமல் தனிமைப்படுத்தப்படும். பிழை அங்கேயே இருக்கிறது, தாக்குபவரால் அதைப் பயன்படுத்துவதுதான் கடினமாகிறது. விலையாகச் சில விழுக்காடு நினைவகம் கூடுதலாகச் செலவாகும். இந்த அளவு முதலீடு எல்லாக் குழுக்களுக்கும் இயலாது; ஆனால் நெட்வொர்க்கிலிருந்து வரும் டேட்டாவை நேரடியாகக் கையாளும் பகுதிகளுக்கு மட்டுமாவது, வீக் பாயின்டர் போன்ற சரிபார்க்கும் பாயின்டர்களைக் கட்டாயமாக்குவது யாருக்கும் இயலும்.

நிரல் மூடும் பாதையைத் தனியாகச் சோதியுங்கள். பயனருக்காக வேகமாக வெளியேற வேண்டிய நிரலில், முக்கிய டேட்டாவைச் சேமித்தபின் அழிப்பு வேலைகளைத் தாண்டி நேரே வெளியேறுவது ஏற்கத்தக்க முடிவுதான். கிளாங் கம்பைலரும் வழக்கமான இயக்கத்தில் தன் நினைவகத்தை விடுவிக்காமலே முடிகிறது. ஆனால் டெஸ்ட் பில்டில் முழு அழிப்பும் ஒவ்வொரு முறையும் நடந்தாக வேண்டும். சர்வரைத் தொடங்கி, சில நூறு கோரிக்கைகளைக் கொடுத்து, பாதி வேலையிலேயே மூடச் சொல்லி, சானிடைசர் அமைதியாக இருக்கிறதா என்றும் ஆப்ஜெக்ட் எண்ணிக்கைகள் அனைத்தும் பூஜ்யத்துக்கு வந்தனவா என்றும் பார்க்கும் ஒரு டெஸ்டை சி.ஐ.யில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.